ஊர் பார்க்கச் சுட்ட தோசை

கோவில்பட்டி பைப் கம்பெனியில் மேலாளர் வன்னியப்பர் வைத்ததுதான் சட்டம். ஒருநாள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் இருதயராஜைக் கூப்பிட்டார்.

"நீ போட்டிருக்கிற ஓப்பன் சோர்ஸ் பிரவுசரை எப்படி எழுதியிருக்காங்கன்னு ஊரே பார்க்கலாமாமே? அதை எப்படிய்யா நம்புறது? சாயங்காலத்துக்குள்ள தூக்கு. இல்லைன்னா நீ கிளம்பு."

"சரிங்க சார்."

மதியம் அவருக்குத் தோசை வாங்கி வருவதும் இருதயராஜ்தான். பொட்டலத்தைப் பிரித்த வன்னியப்பர் முகம் சுளித்தார்.

"இது நம்ம கடை தோசை இல்லையே?"

"பஸ் ஸ்டாண்டு ஓட்டல் சார். அடுப்படிப் பக்கம் யாரையும் விடமாட்டாங்க."

"உள்ள என்னத்தப் போட்டுச் சுட்டானோ! நம்ம கடைக்காரன் வாசல்லயே கல்லைப் போட்டு, ஊர் பார்க்கச் சுடுவான். அதை நம்பித்தானே சாப்பிடுறேன்?"

"ஊர் பார்க்கிறதை நம்பக் கூடாதுன்னு காலையில சொன்னீங்களே சார்."

வன்னியப்பர் பொட்டலத்தை மூடினார்.

இருதயராஜ் பணிவாகக் கேட்டான்: "பிரவுசரை எப்போ தூக்கணும் சார்?"

"முதல்ல இந்தத் தோசையைத் தூக்குய்யா."