இடக்கையால் இட்ட திருநீறு

பக்கவாத வார்டில் கிடப்போரின் மலச்சட்டி எடுத்து, மேல் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, கடைவாயில் வழியும் கஞ்சியை ஒற்றியெடுப்பதே நர்ஸ் பருவதம் அம்மையாரின் அன்றாடத் திருத்தொண்டு. ஆயா வேலையை ஏன் செய்கிறாய் என்று கேட்டால், "சாமி காரியத்துல ஆயா என்ன, நர்ஸ் என்னங்க?" என்பார். வலப்பாதி அப்பனும் இடப்பாதி அம்மையுமாய் ஒரே திருமேனியில் நிற்கும் பூவரசங்காட்டு மாதொருபாகரைக் கும்பிட்டு, திருநீறு வாங்காமல் அவர் பஸ் ஏறியதே இல்லை.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஒவ்வொரு கட்டிலருகிலும், "மனசு எப்படிங்க இருக்குது?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்கவும் செய்வார். கை கால் விழுந்தவர்களுக்கு மனமும் விழுந்துபோகும், அதுவும் நோய், அதற்கும் மருந்து உண்டு. எல்லா நர்சுகளும் படித்த பாடம்தான் இது. நின்று கேட்கத்தான் எவருக்கும் நேரமில்லை. "மனசு சிஸ்டர் வந்தாச்சுடோய்!" என்று வார்டே கேலி பேசிற்று. போன வருடம் ஒரு நெசவாளர் நன்றாக நடக்கப் பழகி வீடு போனார். போனவர் உண்ணாமல் உறங்காமல் கிடந்தே மாண்டார். அதிலிருந்து அம்மையாருக்கு ஆறவேயில்லை. ஷிப்ட் மாறும்போது காய்ச்சல், பிரஷரோடு நோயாளியின் மனநிலையையும் சொல்லிக்கொள்வோம் என்று தலைமை நர்ஸ் தில்லைநாயகியிடம் கெஞ்சிப் பார்த்தார்.

"ஊசி போடவே ஆளில்ல பருவதம். இதுல மனசு வேறயா? போய் வேலையப் பாரு."

தில்லைநாயகி சொன்னதிலும் பொய்யில்லை. அதுதான் எரிச்சலே.

அப்படியிருக்க, மாதொருபாகரின் பூசாரி அங்கமுத்துப் பண்டாரமே அந்த வார்டுக்கு வந்து சேர்ந்தார். தினமும் அம்மையாருக்குத் திருநீறு கொடுத்த வலக்கை உணர்வற்றுக் கிடந்தது. குழறினாலும் பேச்சு புரியும். ஆனால் அவர் பேசவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணீர் விட்டார். ஊட்டினால் வாயை இறுக்கிக்கொண்டார். நாளுக்கு நாள் உடம்பு வற்றிக்கொண்டே போயிற்று.

"வீம்புங்க. எங்கப்பன் எப்பவும் இப்படித்தான்," என்றான் மகன் செல்லக்குமாரன். மனநல டாக்டரை வரச்சொல்லுங்கள் என்று அம்மையார் கேட்டதற்கு வார்டு டாக்டர், "பக்கவாதம் வந்தா அழத்தான் செய்வாங்க, சிஸ்டர். சாப்பிடலைன்னா மூக்குல ட்யூப் போடுங்க," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். வயிற்றுக்கு ட்யூப் போடலாம், சரி. மனதுக்கு எங்கே போடுவதாம்?

மறுநாள் மதியம் அம்மையார் கஞ்சிக் கிண்ணத்தோடு அவரருகில் உட்கார்ந்தார். "மனசுல என்னதானுங்க இருக்குது? சொன்னாத்தானே தெரியும்!"

பண்டாரம் சுவரைப் பார்த்தபடியே பேசினார். "அடுத்தவங்க ஊட்டித் திங்கற பொழப்பு வேண்டாம். பீச்சாங்கையில திங்கவும் மாட்டேன். திருநீறு குடுத்த கை போச்சு. இனி நானெதுக்கு?"

அம்மையாருக்கு ஆற்றாமை பொங்கியது. மடியிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து, அதனிடமே சண்டைக்கு நின்றார். "ஏஞ்சாமி, உனக்குக் கண்ணிருக்குதா? ஊழியம் செஞ்சவரு கையவே புடுங்கிப்போட்டியே! நான் யாருகிட்டப் போயி முட்டிக்கறது? அப்பன்தான் கைவிட்டான். உன் பீச்சாங்கைப் பக்கம் ஒருத்தி நிக்கறாளே, பெத்தவ, அவளுமா பாத்துக்கிட்டு நிக்கறா?"

சத்தம் கேட்டுத் தில்லைநாயகி ஓடிவந்தார். அதற்குள் பண்டாரம் சுவரைவிட்டுத் திரும்பியிருந்தார். ஆயுள் முழுக்க அந்த இடப்பாதிக்கு மஞ்சள் பூசிச் சேலை கட்டிவிட்டவர் அவர். தம் இடக்கையைத் தூக்கி, புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இது அவ கைதானே?" என்று முனகினார். "ஆத்தா கையில திங்கறதுக்கு என்ன கேவலம்..."

கரண்டியைப் பிடித்தார். பாதி கஞ்சி சட்டையில்தான் போயிற்று. அம்மையார் சட்டையைத் துடைத்துவிட்டார். அவர் ஆறுதலா சொன்னார்? திட்டியல்லவா தீர்த்தார்!

ஒரு வாய்க் கஞ்சியில் நோய் தீர்ந்துவிடவில்லை. மறுநாளும் பண்டாரம் அழுதார். ஆனால் கேட்டால் பதில் சொன்னார். தில்லைநாயகியே டாக்டரிடம் மல்லுக்கு நின்று மனநல டாக்டரை வரவழைத்தார். மாத்திரை வேலைசெய்ய வாரக்கணக்காயிற்று. ஷிப்ட் மாறும்போது மனநிலையையும் சொல்லத் தொடங்கினார்கள். பாதி நாள் மறந்தார்கள். அம்மையார் கத்துவதும் நிற்கவில்லை.

தை மாதப் பூசையில் மகன் அபிஷேகம் செய்ய, பண்டாரம் நாற்காலியில் அமர்ந்து இடக்கையால் திருநீறு கொடுக்கத் தொடங்கினார். ஊர் முணுமுணுத்தது, பூக் கேட்டுவிடலாம் என்றது. சாமியின் வலத்தோள் பூ விழுந்தால் உத்தரவு, இடத்தோள் பூ விழுந்தால் மறுப்பு. அதுவே அவ்வூர் வழக்கம்.

இடத்தோள் பூ விழுந்தது.

செல்லக்குமாரன் முகம் செத்துப்போயிற்று. கூட்டத்தில் நின்ற அம்மையார் முண்டியடித்து முன்னால் வந்தார். ஐயோ, இந்த மனிதர் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாரே!

பண்டாரமோ வாய்விட்டுச் சிரித்தார். "நீங்க அப்பனைக் கேட்டீங்க. ஆத்தா பதில் சொல்லிப்போட்டா! அது அவ பக்கத்துப் பூவுங்க."

முணுமுணுத்தவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்தப் பூவை வாங்கி அம்மையாரின் கையில் வைத்து, இடக்கையால் அவர் நெற்றியில் திருநீறு பூசினார் பண்டாரம்.

"மனசு எப்படிங்க இருக்குது, சிஸ்டர்?"

அதுநாள்வரை அம்மையாரை அப்படிக் கேட்டவர் ஒருவருமில்லை. அவர் விம்மி விம்மி அழுதார். பண்டாரம் பதிலுக்காகக் காத்திருந்தார். கருவறையில் அம்மையும் காத்திருந்தாள்.

மனம் நொந்தோரை நின்று கேட்ட பருவதம் அம்மையாரின் திருவடிகளுக்கு நம் வணக்கம் உரித்தாகுக.