ஓலையைப் பறித்த கரடி

மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஒரு காட்டில் கருங்கையன் என்னும் கரடி இருந்தது. அதற்குப் பெரிய தினைப்புனம் ஒன்று சொந்தம். அதன் பேராசையோ புனத்தைவிடப் பெரியது.

தினை பால் பிடிக்கும்போது புழு விழும். அதைப் பொறுக்கவும், பிறகு கதிர் கொய்யவும் உள்ளூர் மைனாக்கள் மட்டும் போதாது. அதனால் ஆண்டுதோறும் பனிக்காலத்தில் வடக்கேயிருந்து பறவைகள் வேலை தேடி வரும். அந்த ஆண்டு நாற்பது சூறைக்குருவிகள் வந்தன. கறுத்த தலையும் ரோஜா நிற உடலுமாக அவை வந்து இறங்கியபோது, புனமே பூத்தது போலிருந்தது.

காட்டின் அரசர் யானையார் ஒரு சட்டம் போட்டிருந்தார். வெளியூர்ப் பறவைகள் எல்லையில் அனுமதி ஓலை வாங்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். ஓலை இல்லாதவர் தங்கக் கூடாது. அதைக் கவனிக்க ஒரு செந்நாய் காவலுக்கு இருந்தது. சொன்ன வேலையை அப்படியே செய்யும்; ஏன், எதற்கு என்று கேட்காது.

குருவிகளின் தலைவி தூவி. யாரையும் எளிதில் நம்பிவிடும்.

“ஐயா, கூலி எவ்வளவு?” என்று கேட்டது தூவி.

“பத்துக் கதிர் கொய்தால் ஒரு கதிர் உங்களுக்கு. அறுவடை முடிந்த அன்றே தந்துவிடுவேன்,” என்றது கரடி. “ஆனால் இங்கே பனி அதிகம், அம்மா. ஓலை நனைந்து கிழிந்தால் கஷ்டம் உங்களுக்குத்தான். கொடுங்கள், என் குகையில் பத்திரமாக வைக்கிறேன்.”

நாற்பது குருவிகளும் நாற்பது ஓலைகளைக் கொடுத்துவிட்டன.

பக்கத்துக் கிளையிலிருந்த பொன்னலகி என்ற மைனா இதைப் பார்த்தது. அதுவும் அதே புனத்தில் வேலை செய்வதுதான். ஆனால் தான் இந்தக் காட்டிலேயே பிறந்தவள் என்ற பெருமை அதற்கு. ‘ஓலையை யாராவது கொடுப்பார்களா?’ என்று நினைத்தது. ‘நமக்கென்ன வந்தது?’ என்று பேசாமல் இருந்துவிட்டது.

குருவிகள் இரண்டு மாதம் உழைத்தன. சுள்ளி என்ற சின்னக் குருவிக்குத் தினைத்தாள் கிழித்து, கண்ணோரம் புண்ணாகிவிட்டது. அது ஒரு நாள்கூட வேலைக்கு வராமல் இருக்கவில்லை.

கடைசிக் கதிரும் கொய்தாயிற்று. குருவிகள் கூலிக்காக வரிசையில் நின்றன. வெளியே போயிருந்த கரடி திரும்பி வந்தபோது, கூடவே செந்நாயும் வந்தது.

“காவலரே, இந்த அநியாயத்தைப் பாருங்கள்! யாரோ வெளியூர்ப் பறவைகள் கூட்டமாக என் புனத்தில் இறங்கியிருக்கின்றன. இவர்களிடம் ஓலை இருக்கிறதா, கேளுங்கள்!”

தூவி திகைத்துப்போனது. “ஐயா! ஓலைகள் உங்களிடம்தானே இருக்கின்றன?”

“என்னிடமா? உங்களை நான் பார்த்ததே இல்லையே!”

குழந்தைகளே, இரண்டு மாதம் கண்ணெதிரே உழைத்தவர்களைப் பார்த்துத்தான் கரடி அப்படிச் சொன்னது!

“ஓலை இல்லையென்றால் ஆற்றுக்கு அப்பால் போங்கள். இப்போதே!” என்று செந்நாய் பாய்ந்தது. குருவிகள் வெறும் வயிற்றோடு சிதறிப் பறந்தன. கண் சரியாகத் தெரியாத சுள்ளி ஒரு மூங்கிலில் மோதி, சிறகு ஒடிந்து விழுந்தது. மற்றவை அதை அலகால் தூக்கிக்கொண்டு பறந்தன.

மைனா கிளையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் தன் கூலியைக் கேட்கப் போனது.

“உன் ஓலை எங்கே?” என்றது கரடி.

“எனக்கு எதற்கு ஓலை? நான் இங்கேயே பிறந்தவள்!”

“அப்படியென்று எதில் எழுதியிருக்கிறது? நீயும் அந்தக் குருவிகளும் ஒரே இனம்தானே? கத்துவதுகூட ஒரே மாதிரி இருக்கிறது. செந்நாயைக் கூப்பிடட்டுமா?”

பொன்னலகிக்கு உலகமே இருண்டது போலிருந்தது. தான் பிறந்த காட்டில், தன்னை யாரென்று கேட்டுவிட்டார்கள்!

அது நேராக ஆற்றைத் தாண்டிப் பறந்தது. அங்கே ஒரு மொட்டை மரத்தடியில் குருவிகள் சுள்ளியைச் சுற்றி உட்கார்ந்திருந்தன.

“தூவி அக்கா, கரடி ஓலைகளை வாங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.”

“நேற்று அங்கே இருந்தாயே. நேற்றே சொல்லியிருக்கலாமே, தங்கச்சி?”

மைனா தலையைக் குனிந்துகொண்டது. “எனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிட்டேன்.”

“அரசர் முன்னால் சொல்வாயா?”

“சொல்கிறேன். வாருங்கள்.”

அரசவையில் மைனா கண்டதைக் கண்டபடி சொன்னது. கரடிக்குக் கோபம் தலைக்கேறியது. “வேலை செய்தார்கள்தான்! அதனால் என்ன? ஓலை இல்லாதவர்களுக்கு ஏது கூலி?” என்று கத்தியது.

தூவி முன்னால் வந்தது. “அரசே, ஓலை இல்லாதவர் தங்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். அவர்களுடைய உழைப்பை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு சட்டம் இருக்கிறதா?”

“இல்லை,” என்றார் யானையார். கரடியின் குகையைச் சோதிக்கச் செந்நாயை அனுப்பினார்.

செந்நாய் ஒரு வாய் நிறைய ஓலைகளோடு வந்தது. மறுபடி போனது. மறுபடியும் கொண்டுவந்தது. கரடி படுத்து உறங்கும் மெத்தையே ஓலைகள்தான்! போன ஆண்டு வந்த நாரைகளின் ஓலைகள், அதற்கு முந்தைய ஆண்டு வந்த வாத்துகளின் ஓலைகள் எல்லாம் குவியலாகக் கிடந்தன.

செந்நாய் கடைசி ஓலையைக் கீழே வைத்தது. “அரசே, இவர்கள் எல்லாரையும் விரட்டியது நான்தான். ‘ஓலையைக் கரடியிடம் கொடுத்தேன்’ என்று ஒரு வயதான நாரை அழுதது. பொய் என்று நினைத்தேன். அது ஆற்றைத் தாண்டவில்லை. நடுவிலேயே விழுந்துவிட்டது.”



“என் சட்டத்தை வைத்தே திருடியிருக்கிறாய்!” என்று யானையார் பிளிறினார். கரடியிடமிருந்து புனத்தைப் பறித்துக்கொண்டு, கரடியைக் காட்டைவிட்டே துரத்தினார். ஒருவர் ஓலையை இன்னொருவர் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்றும், ஓலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உழைத்தவருக்குக் கூலி உண்டு என்றும் அன்றே சட்டத்தைத் திருத்தினார்.

குருவிகளும் மைனாக்களும் தங்கள் பங்கைப் பெற்றுக்கொண்டன. வாத்துகளுக்கும் நாரைகளுக்கும் செய்தி போயிற்று. ஆற்றில் விழுந்த நாரையின் பங்கும் தனியாக எடுத்து வைக்கப்பட்டது. பசித்திருந்த பறவைகள் அத்தனை இருந்தும், அந்தத் தினையில் ஒன்றுகூட அலகு வைக்கவில்லை.

இக்கதை சொல்லும் நீதி: வெளியூரிலிருந்து வந்தவரின் கூலி பறிபோகும்போது வாய்மூடி நிற்பவர், தம் கூலியையும் இழப்பார்.