நூறு டிகிரி உத்தரவு

சின்னமனூர்ப் பக்கம், வாழைமட்டையைக் கூழாக்கிக் காகிதம் செய்கிற மில் ஒன்றில் தொட்டி பார்க்கிறவள் ஒச்சம்மா. வெதுவெதுப்பான தண்ணீரில் மட்டையைப் போட்டு, நொதியைக் கலந்து ஒருநாள் முழுக்க விட்டால் மட்டை தானாக இளகிவிடும். அந்தச் சூட்டின் பக்குவம் அவள் கைக்குத் தெரியும்.

ஒருநாள் விடிந்ததும் மேனேஜர் சுதர்சனம் வந்து நின்றார்.

"சிவகாசியிலேருந்து ஆர்டர் குடுக்க மத்தியானம் வர்றாங்க. அதுக்குள்ள கூழ் வேணும். தண்ணியக் கொதிக்க விடு."

"கொதிச்சா நொதி செத்துரும்யா. கொதிக்கிற பால்ல உறை ஊத்துனா தயிராகுமா?"

"அஞ்சாங்கிளாஸ் படிச்சவ எனக்குப் பாடம் எடுக்குறியா?"

ஒச்சம்மா கையைக் கட்டிக்கொண்டாள். "தப்புதான்யா. எனக்கு மறதி ஜாஸ்தி. எத்தனை டிகிரின்னு எழுதி, ஒரு கையெழுத்தும் போட்டுக் குடுங்க. அப்படியே செஞ்சுடுறேன்."

அவர் மிடுக்காக எழுதிக் கொடுத்தார். அவளும் அப்படியே செய்தாள்.

மத்தியானம் எல்லார் முன்னாலும் தொட்டியைத் திறந்தால், மட்டை மட்டையாகவே கிடந்தது.

"இந்தப் பொம்பளை கெடுத்துட்டா!" என்று மேனேஜர் முதலாளியிடம் கத்தினார்.

ஒச்சம்மா அந்தச் சீட்டைச் சிவகாசிக்காரரிடம் நீட்டினாள். அவர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தார். ஆர்டர் போனது. மேனேஜரின் வேலையும் அன்றைக்கே போனது.

மறுநாள் வாட்ச்மேன் அவளைக் கேட்டிலேயே நிறுத்தினார். "நீயும் வர வேண்டாம்னுட்டாரும்மா முதலாளி."

"நான் என்னண்ணே தப்புப் பண்ணேன்?"

"தப்பு ஒண்ணும் இல்லையாம். மேனேஜர்கிட்ட எழுதி வாங்குனவ, நாளைக்கு என்கிட்டயும் எழுதி வாங்குவாளேன்னாரு."