இரண்டு முனைக் கயிறு

உட்காருங்கள், உட்காருங்கள், கதை எங்கும் ஓடிப்போகாது. நம் பாட்டன்மாருக்குப் பாட்டன் பிறப்பதற்கும் முந்தி, மேற்கே கிரேக்கர்களின் கடலோரத்தில் தெலோரா என்று ஒரு நகரம் இருந்தது. அதற்கு ராஜா கிடையாது. சட்டம்தான் ஆண்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ராஜாவைப் போலச் சட்டத்துக்குக் கோபம் வராது, ஆசை வராது. இரக்கமும் வராது, அதுதான் தொல்லை.

சட்டங்களை எழுதிக் கொடுத்தவர் ஒரு கிழவர். கடற்கொள்ளைக்காரர்கள் வந்து வந்து ஊரை எரித்த காலம் அது. பொழுது சாய்ந்ததும் கோட்டைக் கதவை அடைக்க வேண்டும், விடிகிற வரையில் யார் தட்டினாலும் திறக்கக் கூடாது என்று எழுதினார். ஜனங்கள் நாளுக்கொரு சட்டம் மாற்றுவார்களே என்று பயந்து இன்னொன்றும் எழுதினார். சட்டத்தை மாற்றச் சொல்லி வருகிறவன் கழுத்தில் சுருக்குக் கயிற்றோடு சபையில் நின்று பேச வேண்டும். சபை ஒப்புக்கொண்டால் கயிற்றைக் கழற்றிவிடலாம். இல்லையென்றால் நின்ற இடத்திலேயே இழுத்துவிட வேண்டியதுதான். இவ்வளவையும் எழுதிவிட்டுக் கிழவர் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

கொள்ளைக்காரர்கள் போனார்கள். அவர்கள் பேரன்மாரும் போனார்கள். கயிறு மட்டும் சபை மண்டபத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, யாரும் தொடவில்லை. எங்கள் சட்டத்தில் ஒரு குறை உண்டா, கயிற்றில் எவ்வளவு தூசி பாருங்கள் என்று வெளியூர்க்காரர்களிடம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டார்கள். பெருமையடிக்க ஏதாவது ஒன்று வேண்டுமே, என்ன செய்வது.

வேடிக்கையைக் கேளுங்கள். வழிப்போக்கர்கள் எல்லோரும் தேவர்களின் தலைவனான சியூஸின் காவலில் வருகிறவர்கள் என்று அந்த ஜனங்கள் நம்பினார்கள். வாசலில் அந்நியன் வந்து நின்றால் முதலில் கால் கழுவத் தண்ணீர், பிறகு வயிறாரச் சாப்பாடு, அதற்கும் பிறகுதான் பெயரையே கேட்பார்கள். அவ்வளவு பக்தி. ஆனால் அதே அந்நியன் பொழுது சாய்ந்து வந்துவிட்டால் அவனைச் சியூஸும் மறந்தார், ஊரும் மறந்தது. இது ஒருவருக்கும் உறுத்தவில்லை.

உறுத்தியது கதவு அடைக்கிற மிரோனுக்குத்தான். தட்டுகிற சத்தம் அவன் காதில்தானே விழும்?

ஒரு மழைக்காலத்தில் ஒரு கிழட்டு யாத்திரிகர் தட்டினார். சட்டம் என்றான் மிரோன், திறக்கவில்லை. காலையில் அவர் வாசற்படியில் விறைத்துக் கிடந்தார். அடுத்த குளிரில், கப்பல் உடைந்து நீந்திக் கரையேறிய ஒரு மாலுமி தட்டினான். அப்போதும் சட்டம் என்றான், திறக்கவில்லை. அவனும் காலையில் விறைத்துக் கிடந்தான். ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. ஊரே திரண்டு வந்து உடம்பைக் கழுவி, எண்ணெய் பூசி, மாலை போட்டு, தேனும் திராட்சை மதுவும் குழியில் ஊற்றி, அழுது அடக்கம் செய்தார்கள். ஒரு மிடறு உள்ளே போயிருந்தால் பிழைத்திருப்பானே என்று மிரோன் அந்த மதுவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்றாவது முறை தட்டியவள் ஒரு பெண். அப்போதும் அவன் திறக்கவில்லை. காலையில் கதவைத் திறந்தபோது, செத்துப்போன தாயின் போர்வைக்குள் ஒரு சின்னப் பெண் உயிரோடு உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை.

"அம்மா ரொம்ப நேரம் தட்டினாளே. உங்களுக்குக் கேட்கவில்லையா?" என்றாள்.

"கேட்டது," என்றான் மிரோன். வேறு என்ன சொல்வான், பாவி?

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். அவன் மனைவி மெலித்தா அவளைக் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்த்திப் பாலைக் கொடுத்தாள். சபையில் போய்ப் பேசப் போகிறேன் என்று அவன் சொன்னதும் அவள் கையிலிருந்த கிண்ணம் நழுவிவிட்டது. படித்தவர்கள் பேசட்டும், பணக்காரர்கள் பேசட்டும், நீ எதற்கு என்று மன்றாடினாள். நான் என்ன கைம்பெண்ணாக நிற்பதா என்றும் கேட்டாள்.

"எனக்கு அலுத்துவிட்டது, மெலித்தா. எனக்கு வீரமெல்லாம் இல்லை. இன்னொரு குளிர்காலம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார என்னால் முடியாது, அவ்வளவுதான்."

அவள் எழுந்தாள். ஆட்டு மயிர்த் துணி ஒன்றை எடுத்து அவன் கழுத்தைச் சுற்றிக் கட்டினாள். கயிறு உறுத்துமாம்.

சபை கூடியது. தூசி தட்டிக் கயிற்றை எடுத்தார்கள். சுருக்கு மிரோனின் கழுத்தில் ஏறியது, மறுமுனையைக் காவலன் பிடித்துக்கொண்டான். மிரோனுக்கோ பேச்சு வராது. பெரிய கதவு மூடியே இருக்கட்டும், பக்கத்தில் ஓர் ஆள் நுழைகிற மாதிரி சின்னக் கதவு வைப்போம், விளக்கைத் தூக்கி முகம் பார்த்து ஒவ்வொருவராக உள்ளே விடுவோம் என்று திக்கித் திணறிச் சொல்லி முடித்தான்.

ஆர்கியாஸ் எழுந்தார். சபைக்குத் தலைவர், நாலு கப்பலுக்குச் சொந்தக்காரர், பேசினால் தேன் ஒழுகும். கொள்ளைக்காரன் திரும்ப வரமாட்டான் என்பதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். முன்னோரைவிட இந்தக் கதவுக்காரன் புத்திசாலியோ என்று கேட்டார். இன்று ஒரு சட்டம் போனால் நாளை எது நிற்கும் என்று கேட்டார். சபை முழுவதும் தலையாட்டியது. காவலன் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டான்.

மிரோன் அதைப் பார்த்தான். பிறகு காவலனிடம் கையை நீட்டி, அந்த முனையைக் கொஞ்சம் கொடு தம்பி என்றான். எங்கே ஓடிவிடப் போகிறான் என்று காவலனும் கொடுத்துவிட்டான். மிரோன் தரையில் உட்கார்ந்து, ஒன்றும் அவசரமில்லாதவன் மாதிரி, அந்த முனையிலும் ஒரு சுருக்குப் போட்டான். எழுந்து ஆர்கியாஸின் முன்னால் போய் நின்றான்.

"ஐயா, நான் சொன்ன கதவு வழியாகக் கொள்ளைக்காரன் வந்தால் என் கழுத்தை இழுங்கள், சம்மதம். பழைய கதவுக்கு வெளியே இனி ஒருவர் செத்தால் யார் கழுத்தை இழுப்பது? இந்த முனையை நீங்கள் மாட்டிக்கொள்ளுங்கள்."

ஆர்கியாஸின் கை தானாகப் போய்த் தன் தொண்டையைத் தடவிக்கொண்டது. மிரோன் காத்துப் பார்த்தான். அங்கிருந்து முன்வரிசைப் பெரியவர்களிடம் போனான். அவர்கள் தாடியைக் கோதினார்கள், தரையைப் பார்த்தார்கள். கடைசியில் சபையின் நடுவே நின்று கயிற்றை எல்லோருக்கும் நீட்டினான். அவ்வளவு நேரம் தலையாட்டிய கூட்டத்தில் ஒரு தலை அசையவில்லை.

சட்டம் ஊருக்குப் பொது, அதற்கு ஒருவன் கழுத்தைக் கேட்பது என்ன நியாயம் என்று முனகினார் ஆர்கியாஸ்.

"மாற்றச் சொன்னவனிடம் மட்டும் கேட்டீர்களே," என்றான் மிரோன்.

கை தூக்கச் சொன்னார்கள். முதலில் பின்வரிசையில் சிலர் தூக்கினார்கள், பிறகு நடுவில், பிறகு எல்லோருமாக. முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டு ஆர்கியாஸும் தூக்கினார். கயிற்றைக் கழற்றினார்கள். யாரோ மிரோனுக்கு மாலை போட வந்தார்கள். வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டான்.

சின்னக் கதவு வைத்தார்கள். அடுத்த குளிர் வந்தது, பொழுது சாய்ந்ததும் முதல் தட்டல் கேட்டது. மிரோன் விளக்கைத் தூக்கி முகம் பார்த்துத் திறந்தான். சொட்டச் சொட்ட நனைந்த ஓர் ஆட்டிடையன், கொஞ்சம் சீக்கிரம் திறந்தால்தான் என்ன என்று திட்டிக்கொண்டே உள்ளே வந்தான். மிரோனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவனைக் காவல் அறையின் கணப்பருகே உட்கார்த்தி, கால் கழுவத் தண்ணீர் ஊற்றினான். அன்றைக்கு மெலித்தாவும் அந்தச் சின்னப் பெண்ணும் வந்து எழுப்பும் வரை சுவரில் சாய்ந்தபடியே தூங்கினான். எத்தனையோ வருஷத்துத் தூக்கம் பாக்கியிருந்தது அவனுக்கு.

கயிறு மறுபடியும் ஆணிக்குப் போயிற்று. இரண்டாவது சுருக்கை மட்டும் ஒருவரும் அவிழ்க்கவில்லை.

இவ்வளவுதான் கதை, இனி நீதியையும் வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்: மாற்றச் சொல்கிறவனிடம் கேட்கிற பொறுப்பை, இருக்கிறது இருக்கட்டும் என்கிறவனிடமும் கேட்க வேண்டும்.