பண்டிதர் இலையில் நெற்கதிர்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். சண்டை இல்லை, பஞ்சம் இல்லை. அதனால் சபையைப் படுத்தி எடுப்பதே அவருக்கு வேலை.

அந்தச் சமயம் பார்த்துக் கப்பலில் வந்த இங்கிலீஷ் வியாபாரி ஒருவன் ராஜாவைக் கண்டு குனிந்து, "நைஸ்!" என்றான்.

"தங்களை இனிமையானவர் என்கிறார், மகாராஜா" என்றான் துபாஷி சேகு மீரான். ராஜாவுக்கு வாயெல்லாம் பல். மீரானுக்கு முத்துமாலை கிடைத்தது.

சபைப் பண்டிதர் அம்பலவாண தேசிகருக்குப் பொறுக்கவில்லை. கப்பல் பாதிரியைக் குடைந்து விசாரித்துக்கொண்டு வந்தார்.

"மகாராஜா, அந்தச் சொல் லத்தீன் என்னும் பழைய பாஷையில் பிறந்தது. அங்கே 'ஒன்றும் அறியாதவன்' என்று பொருள். நடுவில் எத்தனை மாறினால் என்ன? பிறந்தபோது எதுவோ, அதுவே மெய்ப்பொருள்."

ராஜா கொதித்தார். "மீரானின் நாக்கை அறுங்கள்!"

விகடன் சாத்தையன் தலையில் கை வைத்துக்கொண்டான். போன வாரம்தான் கடலுக்கு மூடி செய்யச் சொல்லியிருந்தார். இந்த வாரம் இது.

"மகாராஜா, மீரான் சொன்னதே சரி."

"மாலைக்குள் நிரூபி. தவறினால் அறுபடுவது இரண்டு நாக்கு."

"உத்தரவு. முதலில் சாப்பிடுவோம். இன்று நானே பரிமாறுகிறேன்."

எல்லார் இலையிலும் ஆவி பறக்கச் சோறு விழுந்தது. தேசிகர் இலையில் மட்டும் தாளோடு ஒரு கட்டு நெற்கதிர், மட்டையோடு ஒரு தேங்காய். மோர் கேட்டார், மாட்டையே பிடித்து வந்து கட்டினான்.

"என்னடா இது?"

"சாதம், சாமி."

"நெல்லுடா இது!"

"பொறந்தப்ப இதுதானுங்களே. நடுவுல மாறினதைத்தான் நீங்க ஒத்துக்க மாட்டீங்களே."

"மடையா! காயவெச்சு, குத்தி, பொடைச்சு, உலையில போட்டாத்தானடா சாதம்!"

"அப்பாடா, நீங்களே சொல்லிட்டீங்க! அந்தச் சொல்லையும் எத்தனையோ வாய் குத்திப் பொடைச்சிருக்கு சாமி. வெந்து இலைக்கு வந்ததைத்தான் மீரான் பரிமாறினான்."

ராஜா தம் இலையைப் பார்த்தார். தேசிகர் இலையைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தேசிகரே, உம்முடைய நெல்லை நீரே குத்திச் சமைத்து உண்ணும்" என்றார்.

உலக்கையைத் தொட்டறியாத கை. பொழுது சாய்வதற்குள் உள்ளங்கை இரண்டும் கொப்புளம். மிஞ்சியது ஒரு கரண்டி குழைந்த சோறு. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வியாபாரி அதில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு, "நைஸ்!" என்றான்.

"என்ன சொல்கிறான், தேசிகரே?" என்றார் ராஜா.

பசியில் கண் இருண்டிருந்த பண்டிதர் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நல்லா இருக்காம், மகாராஜா."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மீரானின் நாக்கு தப்பியது. சாத்தையனுக்குத் தம் பட்டு அங்கவஸ்திரத்தைப் போர்த்தி, "இன்னும் என்ன வேண்டும்? கேள்!" என்றார்.

"ஒரு வாரத்துக்கு எதற்கும் அர்த்தம் கேட்காமல் இருங்கள், மகாராஜா. அது போதும்."

"தந்தோம்" என்றார் ராஜா.

மூன்று நாள் தாங்கியது.