கறுப்பு பானட்டும் மூன்று மிஷின்களும்

"ஏனுங்க மேடம், எது நல்ல மிஷின்னு அன்னைக்கே வகுப்புல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு இந்தக் கதி வந்திருக்குமா?"

சம்சாத் ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கக்கூட இல்லை. அதற்குள் ஆறுச்சாமி கத்த ஆரம்பித்துவிட்டார்.

அவருக்கு வயது ஐம்பத்துநாலு. மில்லில் இருபத்தாறு வருஷம் பிட்டர். கழற்றி மாட்டாத மிஷின் கிடையாது. இப்போது சிங்காநல்லூரில் சொந்தமாகக் கார் பாலிஷ் கடை.

சம்சாத்துக்கு முப்பத்தைந்து. கார் கம்பெனி ஒன்றில் ஏழு வருஷம் பெயிண்ட் சோதிக்கும் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலிஷ் வகுப்பு எடுக்கிறார்.

தன்னைவிடச் சின்ன வயதுப் பெண்ணின் முன்னால் உட்கார்ந்து பாடம் கேட்டதையே ஆறுச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தார். இன்றைக்கு அந்தப் பொறுமையும் போய்விட்டது.

"என்ன ஆச்சுங்க அண்ணா?"

"நீங்களே பாருங்க."

கறுப்புக் கார். வக்கீல் நாச்சிமுத்துவுடையது. பானட்டில் முகம் தெரியவேண்டும், ஒரு கீறல்கூட இருக்கக்கூடாது என்று சொல்லி விட்டுப்போயிருந்தார். நாலு மணிக்கு எடுக்க வருகிறார்.

பானட்டில் முகம் தெரிந்தது. வலது ஓரத்து மடிப்பில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, சாம்பல் நிறமும் தெரிந்தது.

பெயிண்ட் போய், அடியில் இருந்த பிரைமர் பூச்சு வெளியே வந்திருந்தது.

"எப்படி ஆச்சு?"

"எது நல்ல மிஷின்னு நீங்க சொல்லலை. சரி, நானே பாத்துக்கறேன்னு மூணு மிஷின் வாங்கினேன். ஒண்ணு சும்மா சுத்தும். ஒண்ணு சுத்திக்கிட்டே ஆடும். மூணாவது, கியர் வெச்சு அழுத்திச் சுத்தும். டேப் ஒட்டி பானட்டை மூணு பட்டையாப் பிரிச்சேன். முதல் மிஷினை மூணு பட்டையிலும் ஓட்டினேன். ரெண்டாவதை ரெண்டு பட்டையில. மூணாவதை இந்தக் கடைசிப் பட்டையில மட்டும்."

"சரி."

"என்ன சரி? இது திருட்டு மிஷின், மேடம்! குழந்தை கையில குடுத்தாலும் பெயிண்டைச் சுடாதுன்னு சத்தியம் பண்ணி வித்தான். இப்ப என் மானம் போகுது. மிஷின் கோளாறுன்னு வக்கீல்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

சம்சாத் பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்தார். பெயிண்டின் தடிப்பை அளப்பது. பாலிஷே படாத கூரைமேல் வைத்தார்.

நூற்றுப் பதினாலு மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

முதல் பட்டையில் வைத்தார். தொண்ணூற்றேழு.

நடுப்பட்டை. எண்பத்துமூன்று.

கடைசிப் பட்டை. எழுபத்தேழு. ஓரத்து மடிப்பில் பெயிண்ட் எப்போதுமே இன்னும் மெல்லிசு.

கணக்கு ஆறுச்சாமிக்குத் தானாகவே ஓடியது. முதல் மிஷின் பதினேழு. இரண்டாவது பதினாலு. மூன்றாவது ஆறே ஆறு.

"அப்ப... மூணாவதுதான் கம்மியாத் தின்னிருக்கு."

சம்சாத் கருவியைத் துணியில் துடைத்தார். அந்த நிதானம் ஆறுச்சாமியை இன்னும் கிளப்பிவிட்டது.

"அப்ப முதல் மிஷின்தான் திருடன்! அதைச் சொல்லவேண்டியதுதான?"

"அதை எத்தனை தடவை ஓட்டினீங்க?"

"நாலு."

"முதல் தடவையே கீறல் போகலையா?"

"போச்சு."

"அப்புறம் எதுக்கு மூணு தடவை?"

"இன்னும் நல்லா வருமான்னு..."

பாதியில் நின்றார். நின்ற கோபம் வேறு பக்கமாகப் பாய்ந்தது.

"என்னைக் குத்தவாளிக் கூண்டுல நிறுத்தவா வந்தீங்க? சொல்லித்தர்றவங்கன்னா வழி சொல்லணும். அன்னைக்கு அத்தனை பேர் முன்னால கேட்டேனே, எது நல்ல மிஷின்னு! வாயைத் திறந்தீங்களா?"

"எது நல்லா எடுக்கும்னு கேட்டீங்க அண்ணா," என்றார் சம்சாத். "எடுக்க எவ்வளவு பெயிண்ட் இருக்குன்னு கேக்கலை."

கருவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய் நிழலில் நின்றுகொண்டார்.

ஆட்டோ வந்து நின்றது. வக்கீல் இறங்கினார். பானட்டில் தன் முகத்தைப் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு வலது ஓரம் கண்ணில் பட்டது.

"என்னய்யா இது?"

ஆறுச்சாமி சம்சாத்தைப் பார்த்தார். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஷின்..." என்று ஆரம்பித்தார் ஆறுச்சாமி.

மூன்று மிஷின்களும் மேசைமேல் வரிசையாகப் படுத்திருந்தன. ஒயர் பிடுங்கிக் கிடந்தது.

"மிஷின்ல ஒண்ணுமில்லீங்க சார். நான்தான் அளவுக்கு மேல ஓட்டிட்டேன். பானட்டுக்கு என் செலவுலயே பெயிண்ட் அடிச்சுத் தந்துடறேனுங்க."

வக்கீல் கோர்ட்டில்கூட அப்படிக் கத்தியிருக்கமாட்டார். நோட்டீஸ் விடுவேன் என்றார். கடைக்குப் பூட்டுப் போடவைப்பேன் என்றார். பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். ஆறுச்சாமியின் காது மடல்கள் சிவந்தன. ஆனாலும் தலையைக் குனியாமல் நின்று கேட்டார்.

கத்தி ஓய்ந்த வக்கீல், வேறு ஏதாவது குறை இருக்கிறதா என்று காரைச் சுற்றி வந்தார். டிரைவர் பக்கக் கதவில், கைப்பிடிக்குக் கீழே, மோதிரம் உரசிய மாதிரி ஒரு கோடு. வெயிலில் சாய்ந்து பார்த்தால்தான் தெரியும்.

"இதையாவது எடுத்துத் தொலைய்யா! எந்த மிஷின்ல வேணும்னாலும் எடு. எனக்குக் கார் குறையில்லாம இருக்கணும்."

ஆறுச்சாமியின் கை பழக்கத்தில் மேசைப் பக்கம் நீண்டது. தொடாமல் திரும்பி வந்தது.

குனிந்தார். கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டினார். எங்கேயும் தட்டவில்லை; ஆழமில்லாத கோடு. கருவியைக் கதவில் வைத்து எண்ணைப் படித்தார். நிமிர்ந்தார்.

"இது இருக்கட்டுங்க சார்."

"என்னது? ஒரு கீறலை எடுக்க உனக்கு அவ்வளவு வலிக்குதா?"

"கீறலை எடுக்க முடியாதுங்க சார்," என்றார் ஆறுச்சாமி. "அதைச் சுத்தி நல்லா இருக்கற பெயிண்டைத்தான் எடுக்கணும்."