உள்ளே இருந்தது திரும்பிய நாள்

அந்தக் காலத்தில் கண் இரண்டு பக்கமும் திரும்பும். வெளியே பார்க்கிற மாதிரியே உள்ளேயும் பார்க்கலாம். மனிதனுக்கும் அப்படித்தான், மானுக்கும் அப்படித்தான், மரத்தில் உட்கார்ந்து வம்பு பேசுகிற ஆந்தைக்கும் அப்படித்தான். எல்லா உயிரும் ஒரே பேச்சைப் பேசிய காலம் அது. ஒன்று மட்டும் இல்லை. யாருக்கும் பெயர் கிடையாது. அக்கா, மாமா, ஏய், இந்தா என்று கூப்பிட்டே காலம் ஓடியது.

உள்ளே என்ன இருக்கும்? பெரிதாக ஒன்றும் இல்லை. மங்கலாக ஓர் இடம். அங்கே ஓர் ஆள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும். அவரவர் முதுகு மாதிரியே இருக்கும்.

ஓடைக்கரைக் குடியிருப்பில் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பொழுது சாயும் நேரம் தினைக்கூழ் குடித்துவிட்டு எல்லோரும் நெருப்பைச் சுற்றி உட்காருவார்கள். கண்ணை உள்ளே திருப்புவார்கள். பெரிய மாமன் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வருவார்.

"இருக்கா?"

"இருக்கு."

"இருக்கா?"

"இருக்கு மாமா."

அதோடு சரி. கண்ணை வெளியே திருப்பிக்கொண்டு படுக்கப் போய்விடுவார்கள். உள்ளே இருப்பதை 'இந்தப் பக்கம் திரும்பு' என்று கூப்பிடக் கூடாது. அது ஒன்றுதான் கட்டுப்பாடு. ஏன் கூடாது என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்ளவும் யாருக்கும் வாய் வராது.

அந்தக் குடியிருப்பில் அக்காளும் தங்கையுமாக இரண்டு பேர் இருந்தார்கள். அக்காளுக்குப் பால்குடி மறக்காத பெண்பிள்ளை. அவள் புருஷன் மலைக்கு அந்தப் பக்கம் தேனெடுக்கப் போயிருந்தான். இளையவள்தான் துணை. இளையவளுக்குப் பொறுமை என்பதே கிடையாது. கூழ் ஆறுவதற்குள் வாயில் ஊற்றி நாக்கைச் சுட்டுக்கொள்கிற ஆள்.

ஒரு நாள் உச்சி வெயிலில் இளையவள் தினை குத்திக்கொண்டிருந்தாள். மேலே வேப்பமரத்தில் ஆந்தை. அப்போதெல்லாம் ஆந்தை பகலில்தான் சுற்றும். அதன் கண்ணும் மற்றவர்கள் கண் மாதிரி நாலு பக்கமும் உருளும்.

"முதுகு, முதுகு, முதுகு! தினமும் அதையே பார்த்து என்ன கண்டோம்?" என்றாள் இளையவள். "மூஞ்சி எப்படி இருக்கும்னு ஒருத்தருக்காவது தெரியுமா?"

"இந்தக் காட்டுலயே பெரிய கண்ணு யாருக்கு?" என்றது ஆந்தை.

"உனக்குத்தான். அதை வச்சு எலியைத் தவிர எதைப் பார்த்திருக்க?"

ஆந்தைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நீ குத்தி முடிக்கிறதுக்குள்ள பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று கண்ணை உள்ளே திருப்பியது. வெள்ளைவிழி மட்டும் தெரிந்தது. "ஏய், இந்தப் பக்கம் திரும்பு" என்று அது உள்ளே யாரையோ அதட்டுவது இளையவள் காதிலும் விழுந்தது.

அப்புறம் ஆந்தையின் இறகெல்லாம் குத்திட்டு நின்றது. உலக்கை இளையவள் கையிலேயே நின்றுவிட்டது.

கண் வெளியே வந்தபோது உருளவில்லை. இரண்டு கூழாங்கல்லைப் பதித்த மாதிரி நின்றது. ஆந்தை இளையவளைப் பார்க்கவே இல்லை. தலையை மட்டும் மெதுவாகத் திருப்பியது. தோள்வரை திருப்பியது. இன்னும் திருப்பியது. அலகு முதுகுப் பக்கம் போய் நின்றது.

"என்ன பண்ற நீ? கழுத்து ஒடிஞ்சிடும்!"

"உள்ள இருக்கிற அது சும்மா உட்கார்ந்திருக்கல" என்றது ஆந்தை, அந்தப் பக்கம் பார்த்தபடியே. "அதுக்கு முன்னாடி இன்னொண்ணு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கு. இது அதைப் பார்த்துக்கிட்டு இருக்கு. அதுக்கு முன்னாடி இன்னொண்ணு. கண்ணுக்கு எட்டுற வரைக்கும் முதுகுதான். எல்லாமே நான்தான்."

"சரி, அதுக்கு என்ன இப்போ?"

"நான் கூப்பிட்டதும் அது திரும்புச்சு. என் மூஞ்சியைப் பார்க்கல. என் தோளுக்கு மேல, எனக்குப் பின்னால பார்த்துச்சு. பார்த்ததும் பயந்து நடுங்குச்சு." ஆந்தை தலையைச் சட்டென்று மறுபக்கம் சுழற்றியது. "எனக்குப் பின்னால யாரு உட்கார்ந்து என் முதுகைப் பார்த்துக்கிட்டு இருக்கா?"

"யாரும் இல்ல. மரம்தான் இருக்கு."

"நான் திரும்பினா அது நகர்ந்துடுது. உனக்குப் பின்னாலயும் இருக்கும். பாரேன்."

இளையவள் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. ஆனால் திரும்பின பிறகு முதுகு குறுகுறுத்தது.

ஆந்தை மரம் மரமாகப் போய் எல்லோரிடமும் இதையே கேட்டது. காக்கைகளுக்கு நடுக்கம் பிடித்துவிட்டது. ஆந்தை வாயைத் திறக்கும் முன்பே கத்தி, கொத்தி, விரட்டின. கேட்டால் தாங்களும் திரும்பிப் பார்க்க வேண்டிவரும் என்ற பயம். ஆந்தை பொந்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஆனால் குடியிருப்பில் அதற்குள் விஷயம் பரவிவிட்டது.

பொழுது சாய்ந்தது. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எல்லோரும் ஒருவர் முதுகோடு ஒருவர் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"இன்னிக்கு ஒரு நாள் உள்ள பார்க்க வேண்டாமே மாமா" என்றாள் இளையவள்.

"பறவை உளறினதுக்கெல்லாம் வழக்கத்தை விடுவாங்களா?" என்றார் பெரிய மாமன். அவர் குரலும் சரியாக இல்லை. "இருக்கா?"

"இருக்கு."

"இருக்கா?"

"இருக்கு."

அக்காள் முறை வந்தது. மடியில் பிள்ளை. கண்ணில் வெள்ளைவிழி மட்டும் தெரிந்தது.

"இருக்கா?"

பெரிய மாமன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"உன்னைத்தான். இருக்கா?"

தனக்குப் பின்னால் யார் என்று பார்த்துவிட நினைத்தாளோ என்னவோ, அக்காளின் உதடு அசைந்தது. "ஏய், திரும்பு" என்றது மிகச் சின்னதாக. பெரிய மாமன் எழுந்தே விட்டார். அக்காளின் முகம் வியர்த்தது. பிள்ளை பாலுக்கு அழுதது. பால் தானாகச் சொட்டி மாராப்பு நனைந்தது. அக்காளின் கை பிள்ளையைத் தேடவில்லை.

"அக்கா!" இளையவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அக்கா, இங்க பாரு. பிள்ளை அழுது!"

அக்காளின் வாய் திறந்தது. குரல் அவளுடையதுதான். ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"எந்த அக்கா?" என்று கேட்டது. "இங்க நிறைய பேர் இருக்கோம்."

நெருப்பைச் சுற்றி இருந்தவர்கள் பின்வாங்கினார்கள். "என்னைக் கேட்காதே, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று பெரிய மாமன் முதல் ஆளாக விலகினார். அன்றைக்குத்தான் அவர் தெரியாது என்ற சொல்லைச் சொன்னார்.

இளையவள் விடவில்லை. "புளி காய்ச்சும்போது கையைச் சுட்டுக்கிட்டியே, அந்த அக்கா!"

"எல்லார் கையிலயும் தழும்பு இருக்கு."

"இந்தப் பிள்ளையைப் பெத்த அக்கா!"

"எல்லார் மடியிலயும் பிள்ளை இருக்கு. எல்லாம் அழுது. எந்தப் பிள்ளை?"

இளையவளுக்குப் புரிந்தது. இவளைப் பற்றி எதைச் சொன்னாலும் அது உள்ளே இருக்கிற எல்லோருக்கும் பொருந்துகிறது. நினைவு, தழும்பு, பிள்ளை, எல்லாமே அங்கேயும் இருக்கிறது. அப்படியானால் அங்கே இல்லாத ஒன்றை இங்கிருந்து கொடுக்க வேண்டும். புத்தம் புதிதாக. அவளுக்கு அதற்குமேல் யோசிக்கப் பொறுமையும் இல்லை, நேரமும் இல்லை. கண்ணெதிரே நெருப்பு வெளிச்சத்தில் ஒரு தும்பைச் செடி வெள்ளையாகப் பூத்து நின்றது.

அக்காளின் காதில் வாயை வைத்தாள்.

"தும்பை" என்றாள்.

உள்ளே பல குரல்கள் முணுமுணுத்தது கேட்டது. அது நின்றது.

"தும்பை."

"யாரு அது?" என்றது குரல்.

"நீதான். வேற யாரும் இல்ல. தும்பை!"

அக்காளின் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. கண் வெளியே திரும்பியது. கறுப்பாக, ஈரமாக, சரியாக இருந்தது. "நான்தான்" என்றாள். பிள்ளையை எடுத்து மார்பில் சேர்த்துக்கொண்டாள்.

இளையவள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்தும்போதுதான் தும்பை அவள் காதில் மட்டும் விழுகிற மாதிரி சொன்னாள்.

"நீ கூப்பிட்டதும் நாங்க ரெண்டு பேர் எழுந்தோம்டி. நான் முந்திக்கிட்டேன்."

இளையவள் அவள் முகத்தைப் பார்த்தாள். அதே மூக்கு, அதே கண், கையில் அதே தழும்பு. பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. என்ன கேட்டால் தெரியும், யாரிடம் கேட்டால் தெரியும்? அவள் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் இளையவள் முதல் வேலையாக, உள்ளே திரும்பப் பழகாத அந்தப் பிள்ளையின் காதில் மூன்று முறை ஒரு பெயரைச் சொன்னாள். பிறகு குடியிருப்பில் ஒவ்வொருவர் காதிலும் ஒவ்வொரு பெயரைச் சொன்னார்கள். நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து உள்ளே பார்ப்பதை விட்டார்கள். பார்க்காமல் பார்க்காமல் கண்ணும் அந்தப் பக்கம் திரும்புவதை மறந்தது. இப்போது கண்ணை மூடினால் இருட்டு மட்டும்தான் தெரிகிறது. அந்த இருட்டு நல்லது.

இளையவள் ஆந்தைக்கும் ஒரு பெயரை யோசித்து எடுத்துக்கொண்டு பொந்துக்குப் போனாள். பின்னால் காலடி கேட்டதும் ஆந்தை அலறிக்கொண்டு பறந்துவிட்டது. அதன் காதில் சொல்ல அவளால் முடியவே இல்லை.

அந்த ஒரு நாளிலிருந்துதான், பிறந்த பிள்ளை தொலைந்துவிடாமல் இருக்க அதன் காதில் மூன்று முறை பெயர் சொல்கிறோம். பெயர் கிடைக்காத ஆந்தை மட்டும் கண்ணை அசைக்க முடியாமல், இன்னமும் தலையை முதுகுவரை திருப்பித் திருப்பித் தனக்குப் பின்னால் இருப்பது யார் என்று தேடிக்கொண்டிருக்கிறது.